கோல்கொண்ட் விடுதியும் ஜார்ஜ் நாகாஷிமாவும்: ஒரு கட்டடக்கலைஞர் தச்சரான கதை

கேள்வி

ஜார்ஜ் நாகாஷிமா (1905–1990) அமெரிக்காவில் முறையாகக் கட்டடக்கலை படித்தவர். தமது 36ஆம் வயதில் அந்தத் தொழிலை விட்டு மரவேலைக்குப் போனார். அடுத்த அரை நூற்றாண்டு மேசையும் நாற்காலியும் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் மரச்சாமான் வடிவமைப்பாளர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் அவரைக் கட்டடக்கலைஞராக நினைவுகூர்பவர்கள் குறைவு. ஆனால் இளம் வயதில் அவர் களத்தில் நின்று பொறுப்பேற்றுக் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று தமிழ் மண்ணில் இருக்கிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்ட் விடுதியே அது.

அவர் ஏன் கட்டடக்கலையை விட்டார் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. 1940இல் அமெரிக்கா திரும்பியபோது அங்குக் கட்டடங்கள் கட்டப்பட்ட விதம் அவரை வெறுப்படையச் செய்தது என்பது முதல் விடை. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக அவரும் குடும்பமும் முகாமில் அடைக்கப்பட்டதும், அங்கு அவர் ஒரு தச்சரிடம் தொழில் கற்றதும் இரண்டாவது விடை. இவ்விரண்டும் புதுச்சேரியை ஒரு சுவையான இடைநிகழ்வாகவே கருதி நகர்ந்துவிடுகின்றன. திருப்பம் நடந்த இடம் புதுச்சேரிக் களமே என்பதும், பின்னால் வந்தவை அதை உறுதிப்படுத்தியவை மட்டுமே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

புதுச்சேரிக்கு முன்

நாகாஷிமா 1905 மே 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில், ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டமும், 1930இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் காலம் அது. வேலை நிலைக்காத சூழலில் உலகைச் சுற்றக் கப்பலேறினார். பாரிஸில் சிறிது காலம் தங்கியபின் ஜப்பான் சென்று, 1934இல் தோக்கியோவில் அந்தோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார்.

ரேமண்டின் பின்னணியும் இங்கு முக்கியம். 1888இல் பொஹீமியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான அவர், புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட்டிடம் பணியாற்றினார். தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ரைட்டுடன் ஜப்பான் போனவர், பின்னர் அங்கேயே தனி அலுவலகம் அமைத்தார். கான்கிரீட்டைப் பூச்சின்றி அப்படியே காட்டும் துணிவும், ஜப்பானியத் தச்சர்களின் நுட்பத்தின் மேல் பெருமதிப்பும் அவரிடம் ஒருசேர இருந்தன. குனியோ மாயேகாவா, ஜூன்சோ யோஷிமுரா போன்ற ஜப்பானின் பிற்காலப் பெரும் கட்டடக்கலைஞர்கள் அந்த அலுவலகத்தில் உருவானவர்கள். நாகாஷிமாவுக்கு அது இரண்டாவது கல்லூரி.

கோல்கொண்ட்: திட்டமும் களமும்

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் பவித்ரா என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிலிப் பார்பியே சேன்-இலேர், ஆசிரமத்துக்கு வருமுன் ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்து ரேமண்டை அறிந்திருந்தவர். சாதகர்களுக்கு ஒரு தங்கும் விடுதி கட்ட ஆசிரமத்தின் அன்னை மீரா அல்ஃபாஸா விரும்பியபோது, 1935 வாக்கில் வேலை இந்தப் பழக்கத்தின் வழியாகத் தோக்கியோவுக்குப் போனது. ஹைதராபாத் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கிடைத்தது. நிஜாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த கோல்கொண்டாவின் பெயரே பிரெஞ்சு உச்சரிப்பில் விடுதிக்கு இடப்பட்டது.

ரேமண்ட் தமது பிரதிநிதியாக நாகாஷிமாவை அனுப்பினார். நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லெ கொர்பூசியேவிடம் பணியாற்றி, பின்னர் சோவியத் ஒன்றியத்திலும் வேலை செய்த செக் நாட்டவர் ஃப்ரான்டிஷெக் சம்மர் அவருடன் சேர்ந்துகொண்டார். கட்டுமானம் 1937 அக்டோபரில் தொடங்கியது. ரேமண்ட் 1938இல் குடும்பத்துடன் வந்து சில மாதங்கள் தங்கிவிட்டு அமெரிக்கா சென்றார். நாகாஷிமா 1939 இறுதியில் புறப்பட்டார். போர்க்காலத்தில் சம்மரும் போனபின் ஆசிரமத்தவரே மிச்ச வேலையை முடித்தனர். சில மாதங்களில் முடியும் என்று ரேமண்ட் எண்ணிய வேலை பல ஆண்டுகள் நீண்டது.

கட்டடத்தின் அடிப்படை எளியது. கிழக்கு மேற்காக நீண்ட இரு பகுதிகள் சற்றே விலகி ஒன்றையொன்று தொடுகின்றன. ஒரு புறம் நடைவழி, மறுபுறம் ஒற்றை வரிசையில் அறைகள். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கமும் மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமும் விழும். ஆகவே ஒரு முகத்தை மட்டும் காப்பது போதாது. கோல்கொண்டின் வடக்கு, தெற்கு முகங்கள் இரண்டும் தரையிலிருந்து கூரை வரை, திறந்து மூடக்கூடிய கிடைமட்ட லூவர் தகடுகளால் ஆனவை. கண்ணாடிச் சன்னல் கிடையாது. காற்று வேண்டும்போது தகடுகளைத் திறக்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் சாய்க்கலாம். அறைக்கும் நடைவழிக்கும் இடையே தேக்கில் செய்த நகரும் கதவுகள் இருக்கின்றன. அவற்றின் சட்டங்கள் மாற்றி மாற்றி அமைந்திருப்பதால் பார்வை தடைபடும், காற்று தடைபடாது. கூரையின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் தனி அடுக்காகக் கிடக்கின்றன. இடையிலுள்ள காற்றுவெளி கீழ்த்தளத்துக்கு வெப்பம் இறங்காமல் தடுக்கிறது. அறைகளுக்குள் பளபளப்பாக்கிய கருங்கடப்பாக் கல் தரை. குளிர்சாதனம் இல்லாமலேயே இவ்வளவும் இயங்குகிறது.

இந்தியாவின் முதல் கம்பிக் கான்கிரீட் கட்டடம் என்று கோல்கொண்டைச் சில எழுத்துகள் குறிப்பிடுகின்றன. இதை அப்படியே ஏற்க முடியாது. பம்பாயில் 1930களிலேயே கம்பிக் கான்கிரீட் அடுக்குக் குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன. இந்தியாவில் பணியாற்றிய முதல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் நாகாஷிமாதான் என்பதும் சரியல்ல. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெர்ராவைத் திட்டமிட்ட வால்டர் பர்லி கிரிஃபின் 1935இல் லக்னோவுக்கு வந்து பல திட்டங்களில் ஈடுபட்டு, 1937 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். கோல்கொண்டின் தனிச்சிறப்பு முதலாவதாக வந்ததில் இல்லை. பூச்சோ அலங்காரமோ இல்லாமல் கான்கிரீட்டைக் காட்டி, கட்டடம் முழுவதையும் வெப்பத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப இயங்கும் கருவியாக அமைத்ததில் இருக்கிறது. லெ கொர்பூசியேயின் சண்டிகர் நகர வேலை தொடங்குவதற்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்பு இது நடந்தது. பங்கஜ் வீர் குப்தாவும் கிறிஸ்டீன் முல்லரும் கோல்கொண்டைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகே கட்டடக்கலை வரலாற்றில் இதற்கு உரிய இடம் ஓரளவு கிடைத்தது.

களம் கற்பித்தது

நாகாஷிமாவின் வாழ்க்கைக்கு முக்கியமானது கட்டடத்தின் வடிவத்தைவிட அது கட்டப்பட்ட முறை. ஒப்பந்தக்காரர் கிடையாது. வரைபவரும் கட்டுபவரும் ஒரே களத்தில் இருந்தனர். பெரிய அளவில் வேலை தொடங்குமுன், ஓர் அறையின் மாதிரி முழு அளவில் கட்டிப் பார்க்கப்பட்டது. கதவுக்கும் தகட்டுக்கும் வேண்டிய பித்தளைப் பொருத்துகள் கடையில் வாங்கியவை அல்ல. ஆசிரமத்தவர் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி ஆசிரமப் பட்டறையில் வார்த்தவை. அறைகளுக்கான தேக்குக் கட்டில், மேசை, நாற்காலியையும் நாகாஷிமாவே வடிவமைத்தார். பின்னாளில் உலகம் அறிந்த மரவேலைக்காரரின் தொடக்ககால மரச்சாமான்கள் புதுச்சேரியில் பிறந்தவை என்பது கலை வரலாற்றில் போதிய அளவு சொல்லப்படாத செய்தி.

இந்தக் களத்தில் அவசரம் இல்லை. சரியாக வராத வேலையைத் திரும்பச் செய்தார்கள். கருவிகள் கணக்கோடும் கவனத்தோடும் காக்கப்பட்டன. வேலையே சாதனை, அதாவது ஆன்மிகப் பயிற்சி, என்ற ஆசிரமக் கொள்கை இங்குச் சுவரும் தளமுமாக உருப்பெற்றது. நாகாஷிமா விரைவில் ரேமண்ட் அலுவலகச் சம்பளத்தை மறுத்து ஆசிரமவாசியாகவே சேர்ந்தார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தர் என்று பெயரிட்டார். சம்பளம் வாங்கும் அலுவலகப் பிரதிநிதி தமது வேலையையே வாழ்க்கை நெறியாக எடுத்துக்கொண்ட இந்த முடிவு, இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று. ஒருவர் தொழிலை மாற்றுவதற்கு முன் தொழிலைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்கிறார். நாகாஷிமா தமது கருத்தை மாற்றிக்கொண்டது இங்கே.

இவ்வளவு மேன்மையாகப் பேசப்படும் கட்டுமானத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. ரேமண்ட், நாகாஷிமா, சம்மர், பவித்ரா, ஆசிரமப் பொறியாளர் சந்துலால் ஆகியோர் வரலாற்றில் பெயரோடு நிற்கிறார்கள். கம்பி கட்டியவர்கள், சென்ட்ரிங் பலகை அடித்தவர்கள், தலையில் கான்கிரீட் சுமந்த சித்தாள்கள் ஆகியோர் நிழற்படங்களில் உருவங்களாக மட்டுமே தெரிகிறார்கள். உழைப்பையும் வழிபாட்டையும் ஒன்றாகக் கண்ட இடத்தில்கூட, கூலிக்கு உழைத்தவரின் பெயர் பதிவாகவில்லை. கோல்கொண்டின் பெருமையைப் பேசும் எந்த ஆய்வும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

இரண்டு விளக்கங்கள், எடைபோட்டால்

முகாம் விளக்கத்தை முதலில் பார்க்கலாம். 1942இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். நாகாஷிமா, மனைவி மேரியன், கைக்குழந்தை மீரா ஆகியோர் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஜப்பானிய மரபில் பயின்ற கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரை அங்கே சந்தித்தார். கைக்கருவிகளைக் கையாளும் நுட்பத்தையும் மரத்தின் பொருத்துகளையும் பொறுமையாகக் கற்றார். இது நாகாஷிமாவின் கைத்திறனை உருவாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் 1941லேயே சியாட்டிலில் மரச்சாமான் பட்டறை தொடங்கிவிட்டார். முடிவு முகாமுக்கு முந்தியது. முகாம் அவருக்குத் தொழிலைத் தரவில்லை, ஏற்கெனவே தேர்ந்த தொழிலுக்கு ஓர் ஆசானைத் தந்தது. அநீதியான சிறையைக் கலைஞனின் பட்டறையாக வருணிக்கும் எழுத்துகள் அநீதியின் கனத்தைக் குறைத்துவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1943இல் ரேமண்ட் பொறுப்பேற்றுக்கொண்டதால் நாகாஷிமா குடும்பம் முகாமிலிருந்து வெளிவந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் இருந்த ரேமண்டின் பண்ணையில் தங்கியது. அதே ஆண்டில் ரேமண்ட் அமெரிக்க ராணுவத்துக்காக யூட்டா பாலைநிலத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளின் நகல்களை வடிவமைத்தார். எரிகுண்டுகளைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட வீடுகள் அவை. ஜப்பானியத் தச்சுக்கலையின் மேல் தமக்கிருந்த நுண்ணறிவை அவற்றை எரிக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தவரும், ஒரு ஜப்பானிய வம்சாவளிக் குடும்பத்தை முள்வேலியிலிருந்து மீட்டவரும் ஒருவரே. ரேமண்டின் மேதைமையை எழுதுபவர்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

இனி முதல் விளக்கம். 1981இல் வெளியான தமது நூலில், கலிபோர்னியாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஃப்ராங்க் லாய்ட் ரைட் கட்டடங்களைப் பார்த்ததையும், அவற்றின் கட்டுமானத் தரம் தம்மை ஏமாற்றியதையும், தொடக்கம் முதல் முடிவு வரை தமது கைக்குள் இருக்கும் தொழிலைத் தேடியதையும் நாகாஷிமாவே சொல்கிறார். தன்கூற்று என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் ரைட்டின் கட்டடங்களைப் பார்த்த நூற்றுக்கணக்கான இளம் கட்டடக்கலைஞர்கள் மயங்கித்தான் திரும்பினார்கள். நாகாஷிமாவுக்கு மட்டும் வடிவத்தை விட்டுப் பொருத்துகளைப் பார்க்கத் தோன்றியது ஏன்? ஒவ்வொரு பித்தளைத் திருகாணிக்கும் கணக்கிருந்த ஒரு களத்திலிருந்து அவர் வந்திருந்தார். அந்த அளவுகோலை அவருக்குக் கொடுத்தது புதுச்சேரி. முதல் விளக்கம் தவறில்லை, ஆனால் காரணத்தின் பாதியை மட்டுமே சொல்கிறது.

பிற்காலப் பணி

நாகாஷிமா கட்டடக்கலையை விட்டார் என்ற கூற்றுக்கும் திருத்தம் தேவை. அவர் விட்டது, வரைந்து கொடுத்துவிட்டு வேறொருவர் கட்டுவதைத் தொலைவிலிருந்து பார்க்கும் அலுவலகத் தொழிலைத்தான். நியூ ஹோப் நிலத்தில் தமது வீட்டையும் பட்டறைகளையும் அவரே வடிவமைத்துக் கட்டினார். மெல்லிய கான்கிரீட் கூரையுடைய கோனாய்ட் பட்டறை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. கியோட்டோவின் கட்சுரா பகுதியில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தை 1960களில் வடிவமைத்தார். அவருடைய நியூ ஹோப் வளாகம் 2014இல் அமெரிக்கத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவுடனான உறவும் அறவில்லை. 1964இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து இந்திய மரத்தில், இந்தியத் தச்சர்களுடன் மரச்சாமான்கள் செய்தார். அந்த வடிவங்கள் அங்குத் தொடர்ந்து சில ஆண்டுகள் உருவாக்கப்பட்டன. முதுமையில், பெரும் மரப்பலகைகளிலிருந்து உலக அமைதிக்கான மேசைகளைக் கண்டத்துக்கு ஒன்றாக அமைக்க விரும்பினார். முதலாவது 1986இல் நியூயார்க் பேராலயத்தில் வைக்கப்பட்டது. அவர் 1990 ஜூனில் இறந்தபின் மகள் மீரா இத்திட்டத்தைத் தொடர, ஆசியாவுக்கான மேசை ஆரோவில்லுக்கு வந்தது.

தெற்குக் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துத் தமிழருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் என்றால் நினைவுக்கு வருபவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் இந்தியாவில் பணியாற்ற வந்து, 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டு, 2007இல் அங்கேயே இறந்தவர். தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ், உள்ளூர் என்னும் பகுதியிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம், பூந்துறை மீனவர் வீடுகள் ஆகியவை அவர் பெயர் சொல்பவை. நாகாஷிமாவைப் போலவே அவரும் களத்தில் நின்று, கொத்தனாரோடு பேசிக் கட்டியவர். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரையில் காற்றே முதல் தேவை என்பதிலும் இருவரும் உடன்படுவர்.

ஆனால் விடை வேறு. கோல்கொண்ட் லூவர் தகடுகளால் செய்ததைப் பேக்கர் செங்கல்லை இடைவெளிவிட்டு அடுக்கிய சல்லடைச் சுவரால் செய்தார். எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து, ஏறத்தாழ கால்பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். கான்கிரீட் தளத்துக்குள் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். அவருடைய தரத்துக்குச் செலவு என்ற எல்லை இருந்தது. நாகாஷிமா கற்ற தரத்துக்கு அந்த எல்லை இல்லை. நன்கொடையும் காலமும் தாராளமாகக் கிடைத்த ஒரு களத்தில் அது பிறந்தது. பின்னாளில் அவருடைய மேசைகளை வாங்க முடிந்தவர்கள் ராக்ஃபெல்லர் போன்ற பெருஞ்செல்வர்கள். நாகாஷிமாவின் கொள்கையில் இது ஒரு குறை. கோல்கொண்டின் தகடுகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை என்பதும், உடைத்தாலோ அறுத்தாலோ நுரையீரலைக் கெடுக்கும் அந்தப் பொருளை இன்று யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள் என்பதும் சேர்த்துக் கவனிக்க வேண்டியவை.

பாறசாலையிலிருந்து தெற்கே, தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை இந்த ஒப்பீட்டை இன்னும் பின்னோக்கி நீட்டுகிறது. அதன் மாடங்களில் சாய்ந்த மரச்சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. கரிய மெருகுத் தரை காலுக்குக் குளிர்ச்சி தருகிறது. கோல்கொண்டின் லூவருக்கும் கடப்பாத் தரைக்கும் இதுவே மூலம் என்று சொல்வது அவசரம். ஒரே வெயிலையும் ஒரே ஈரத்தையும் எதிர்கொண்ட திருவிதாங்கூர்த் தச்சரும் தோக்கியோவிலிருந்து வந்த அமெரிக்கரும் தனித்தனியே ஒத்த தீர்வை அடைந்தனர் என்று கொள்வதே பொருத்தம். நவீனக் கட்டடக்கலை இந்தியாவுக்குள் முற்றிலும் புதியதாக நுழைந்தது என்ற கருத்தை இது தளர்த்துகிறது.

ஆசிரியர் யார்?

கலை வரலாற்றுப் பட்டியல்கள் கோல்கொண்டை ரேமண்டின் படைப்பு என்றே குறிக்கின்றன. அடிப்படைத் திட்டம் அவருடையது என்பதால் அது நியாயம். ஆயினும், பெரும்பாலான ஆண்டுகள் களத்தில் இல்லாத ஒருவரை மட்டும் ஆசிரியராக்குவது, வரைபடமே கட்டடம் என்று கருதும் அலுவலகப் பார்வை. அந்தப் பார்வையை மறுத்துத்தான் நாகாஷிமா தொழிலையே விட்டார். ரேமண்ட் திட்டமிட்டு, நாகாஷிமாவும் சம்மரும் களத்தில் விரித்து, ஆசிரமத்தவரும் புதுச்சேரித் தொழிலாளரும் கட்டி முடித்தது என்று எழுதுவதே சரியான பதிவு. இதில் கடைசிப் பிரிவினரின் பெயர்கள் மட்டுமே இன்னும் வெற்றிடமாக உள்ளன. அன்று கம்பி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழக்கூடும். அவர்களிடமிருந்து வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் வேலையைத் தமிழ்நாடு, புதுச்சேரிக் கட்டடக்கலைக் கல்லூரிகள் இனியும் தள்ளிப்போடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.